மண்ணிடம் கேட்டவர்கள்

வீடு கட்டப் புறப்படுகிறான் ஒருவன். நாள் பார்க்கிறான்; நட்சத்திரம் பார்க்கிறான்; மனையடி சாத்திரம் கற்றவரை அழைத்து வந்து மூலைக்கு மூலை நிறுத்தி அவர் முகத்தைப் பார்க்கிறான். வாசல் எங்கே, அடுப்பு எங்கே, பணப்பெட்டி எங்கே என்றெல்லாம் கேட்டு முடித்தபின், குரலைச் சற்றே தாழ்த்திக்கொண்டு, கழிவுத் தொட்டி எங்கே என்றும் கேட்கிறான். ஈசானிய மூலை ஆகாது, வாயு மூலையில் தோண்டு என்று விடை வருகிறது. தோண்டுகிறான். ஊராரைக் கேட்டாயிற்று, வானத்துக் கோள்களையும் கேட்டாயிற்று. கேட்கப்படாதது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கழிவுநீரை நாள்தோறும் குடித்துத் தீர வேண்டிய மண்!

மண்ணைக் கேட்பதா? அது பேசுமா? பேசும், தோழர்களே! ஒரு குழி தோண்டி, நீர் ஊற்றி, கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஒரு அங்குல நீர் இறங்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதே மண் தரும் விடை. அந்த விடையைக் கேட்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு, அரசர்களின் போர்களையும் பட்டாபிடேகங்களையும் அடுக்கும் பாட நூல்களில் இல்லை. அதனாலேயே அதனை இங்கே எழுதுகிறோம்.

குழி தோண்டி நீர் ஊற்றிப் பார்க்கும் வழக்கம் மேனாட்டான் கொண்டுவந்தது, நம் முன்னோர் அறியாதது என்று எவரும் எண்ண வேண்டா. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்கிதையிலே, வீட்டு இலக்கணம் கூறும் பகுதியில், இது இருக்கிறது. மனையின் நடுவே ஒரு முழக் குழி தோண்டு. எடுத்த மண்ணைத் திரும்ப அதிலேயே கொட்டு. மண் மிஞ்சினால் நல்ல மனை, சரியாக நிரம்பினால் நடுத்தரம், குறைந்தால் ஆகாத மனை என்கிறது அந்நூல். அல்லது குழியில் நீர் நிரப்பிவிட்டு நூறு அடி நடந்துபோய்த் திரும்பி வந்து பார். நீர் குறையாதிருந்தால் நல்லது என்கிறது. கட்டடத்தைத் தாங்கும் இறுக்கமான மண்ணா, பொலபொலத்த மண்ணா என்று அறிய இதில் வழி உண்டு. கண்ணால் கண்டு, கையால் செய்து பார்த்த எவனோ ஒரு கொத்தனின் அறிவு இது. அவனுக்கு நம் வணக்கம்.

ஆனால் அடுத்த அடியிலே என்ன நேர்கிறது? அதே குழியில் சுடாத மண் சட்டியில் நான்கு திசைக்கு நான்கு திரியிட்டு விளக்கேற்று. எந்தத் திசைத் திரி ஒளிவிட்டு எரிகிறதோ அந்தத் திசைக்குரிய வருணத்தாருக்கு அம்மனை ஆகும் என்கிறது நூல். நான்கு நிறப் பூக்களை இரவில் குழியில் போட்டு, வாடாத பூவின் நிறம் பார்த்து வருணம் சொல்கிறது. வெள்ளை மண் பார்ப்பனருக்கு, சிவப்பு சத்திரியருக்கு, மஞ்சள் வைசியருக்கு, கறுப்பு சூத்திரருக்கு என மண்ணையே நான்காகக் கூறு போடுகிறது. நிறம் போதாதென்று மணமும்! நெய் மணம் ஒருவருக்கு, குருதி மணம் ஒருவருக்கு, சோற்று மணம் ஒருவருக்கு, கள்ளின் மணம் கடைசியில் நின்றவருக்கு. குழி இருந்தது, நீர் இருந்தது, காத்திருக்கும் பொறுமையும் இருந்தது. நூறு அடி நடந்து திரும்பும் நேரத்தை அளந்து, இந்த மண்ணில் இவ்வளவு, அந்த மண்ணில் அவ்வளவு என்று குறித்து வைத்திருந்தால், உலகின் முதல் மண் ஆராய்ச்சி நம் நாட்டில் தோன்றியிருக்கும். குறிக்கப்பட்டதோ வருணம்! கேள்வி மண்ணைப் பற்றியதாகத் தொடங்கி, மனிதனின் பிறப்பைப் பற்றியதாக முடிந்தது.

இனி மேலை நாட்டுக்குச் செல்வோம். அங்கும் எடுத்த எடுப்பில் எவரும் மண்ணைக் கேட்டுவிடவில்லை. கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்று படித்த மேதைகளே பறைசாற்றிய காலம் அது. 1854 ஆகஸ்டு இறுதியில் லண்டன் மாநகரின் பிராட் தெருவில் காலரா வெடித்தது. 600 பேருக்கு மேல் மாண்டனர். தெருவிலிருந்த குடிநீர்க் குழாய்க் கிணறே எமன் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், செத்தவர் வீடுகளைக் கணக்கெடுத்துக் காட்டினார். செப்டம்பர் 8இல் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆயினும் சுகாதார வாரியத்தின் குழு அவர் கூற்றை ஏற்க மறுத்தது.

இங்கே பகுத்தறிவாளர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஸ்னோவின் கூற்றைப் பொய்யாக்கிக் காட்டுவேன் என்று கிளம்பியவர் ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார். வீடு வீடாக ஏறி இறங்கினார். யார் எந்த நீரைக் குடித்தார், யார் குடிக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எழுத எழுத, தாம் மறுக்க வந்ததே உண்மையாகி நிற்பதைக் கண்டார்; கண்டதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பாதிரியாயிற்றே என்று நாம் அவரை ஒதுக்குவோமானால், அது பகுத்தறிவாகாது. கிணற்றுக்குப் பக்கத்திலிருந்த 40ஆம் எண் வீட்டில், கொள்ளைநோய் பரவுவதற்கு ஓரிரு நாள் முன்னரே ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் விழுந்ததையும், அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டு மலக்கிடங்கில் ஊற்றியதையும் கண்டறிந்தவர் அவரே. 1855இல் தோண்டிப் பார்த்தார்கள். மலக்கிடங்கின் செங்கற்கள் உளுத்து உதிர்ந்து கிடந்தன. கிடங்குக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்த மண் 3 அடிகூட இல்லை. கழிவு கசிந்து சென்ற தடம் அம்மண்ணில் தெரிந்தது.

மண் நீரை வழிவிடும் என்பது அன்று நன்கு விளங்கிற்று. எவ்வளவு மண் இருந்தால், எத்தகைய மண் இருந்தால், கழிவு தூய்மையாகி இறங்கும்? இந்தக் கேள்விக்கு விடை காண இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

தொட்டியின் கதை தனி. பிரான்சு நாட்டு வெசூல் நகரில் ஜான் லூயி மூரா என்பவர், 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில், தம் வீட்டுக் கழிவு சென்று சேர ஒரு மூடிய தொட்டி கட்டினார். நீர் ஒரு பக்கம் நுழையும், மறு பக்கம் வழியும். பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது உள்ளே மலைபோல் குவிந்திருக்க வேண்டிய திடப்பொருள் மிகச் சிறிதே இருந்தது! 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதை ஊரறியச் செய்த ஏடுகள் அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘தானியங்கும் துப்புரவாளர்’ என்று! மனிதன் மனிதனின் மலத்தை அள்ள வேண்டிய இழிவிலிருந்து அவனை விடுவிக்க வந்த கருவி என்ற பொருள் அப்பெயரிலேயே இருக்கிறது. நம் நாட்டில் அந்தக் கருவிக்குள்ளேயே மனிதனை இறக்குகிறோமே, அதைப் பின்னர்ப் பேசுவோம்.

1895இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்துப் பொறியாளர் டொனால்டு கேமரான் அதனைத் திருத்தியமைத்து ‘செப்டிக் டேங்க்’ என்று பெயரிட்டார். ‘செப்டிக்’ என்பது கிரேக்க மொழியில் அழுகலைக் குறிக்கும் சொல். அழுக வைக்கும் தொட்டி. அவ்வளவுதான். காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் திடப்பொருளின் ஒரு பகுதியைக் கரைத்து வாயுவாக்குகின்றன. மீதி அடியில் படிகிறது. கொழுப்பு மேலே மிதக்கிறது. இடையில் உள்ள நீர் வெளியே செல்கிறது. அந்த நீர் தெளிந்ததுபோல் தோன்றினாலும் நோய்க்கிருமி நிறைந்தது. தொட்டி செய்வது பாதி வேலை. மறுபாதி வெளியே, மண்ணில்தான் நடைபெற வேண்டும். தொட்டிக்குக் காப்புரிமையும் வழக்கும் விளம்பரமும் கிடைத்தன. மண்ணுக்கு எவன் காப்புரிமை வாங்குவான்? ஆகவே மண்ணை மறந்தார்கள்.

மறவாதவர் சிலர் ஆய்வுக்கூடங்களில் இருந்தனர். எட்வர்டு பிராங்க்லாந்து என்ற ஆங்கில வேதியியலார், மண் நிரப்பிய குழாய்களில் சாக்கடை நீரை விட்டு விட்டு ஊற்றி, இடையிடையே மண்ணுக்கு மூச்சு விட நேரம் கொடுத்தால் நீர் தூய்மையாகிறது என்று 1870ஐ ஒட்டிக் காட்டினார். ஏன் தூய்மையாகிறது? 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியுன்ட்ஸ் என்ற இருவர் செய்த சோதனை அழகானது. மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல விட்டார்கள். 20 நாள்வரை ஒன்றும் நேரவில்லை. பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளிவரத் தொடங்கியது. வெறும் இரசாயன மாற்றமாயின் முதல் நாளே நிகழ்ந்திருக்க வேண்டுமே, 20 நாள் எதற்கு? குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. ஆவியை நீக்கி, சிறிது மண் கரைத்த நீரை ஊற்றினார்கள்; மாற்றம் மீண்டது. மயக்க மருந்துக்கு மயங்குவது உயிரன்றோ! மண்ணில் வாழும் நுண்ணுயிரே கழிவைத் தூய்மையாக்குகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிந்தது. 1887இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் லாரன்ஸ் நகரில் நிறுவிய ஆய்வு நிலையம் இந்த அறிவை மேலும் வளர்த்தது.

இவ்வளவும் நகரங்களுக்கு. தனி வீட்டுக்காரன் கதி என்ன? சாக்கடைக் குழாய் எட்டாத பண்ணை வீடு, சிற்றூர்ப் பள்ளி, வழியோர விடுதி ஆகியவற்றில் தொட்டி கட்டுவார்கள். அதிலிருந்து வரும் நீரை வாய்க்கால் வெட்டிச் சரளை பரப்பி மண்ணுக்குள் விடுவார்கள். வாய்க்கால் எவ்வளவு நீளம் வேண்டும்? கொத்தனாருக்குத் தோன்றிய நீளம்! சில ஆண்டுகளில் நீர் மேலே பொங்கும், முற்றம் நாறும், பிள்ளைகள் அதில் விளையாடும்.

1920களில் நியூயார்க் மாநிலத்துச் சுகாதாரப் பொறியாளர் ஹென்றி ரையன் செய்தது, சொல்லப்போனால், மிக எளிய காரியம். பல ஆண்டுகள் ஓடிக் களைத்துத் தோற்றுப்போன, அல்லது தோற்கும் நிலையிலிருந்த வாய்க்கால்களைத் தேடிச் சென்றார். ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் எவ்வளவு கழிவுநீர் சென்றது என்று கணக்கிட்டார். அதன் அருகிலேயே, அதே மண்ணில், 1 அடிச் சதுரக் குழி வெட்டினார். நீர் ஊற்றி, அது வடிந்து மண் ஈரமாக இருக்கும்போதே மீண்டும் ஊற்றி, 1 அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தார். இரண்டு எண்களையும் கட்டத் தாளில் புள்ளியாக வைத்தார். புள்ளிகள் கூடிக் கூடி ஒரு வளைகோடு தோன்றிற்று. இத்தனை நிமிட மண், ஒரு சதுர அடிக்கு இத்தனை காலன் தாங்கும் என்று அந்தக் கோடு சொல்லிற்று. 1928இல் ஆல்பனி நகரில் வெளியான தம் நூலில் சிறு கழிவுநீர் அமைப்புகளைப் பற்றி எழுதினார்.

இதில் என்ன பெருமை என்று கேட்பவர் இருக்கலாம். வெற்றி பெற்ற அமைப்புகளைப் பார்த்து மெச்சிக்கொண்டிருக்காமல், தோற்றவற்றை நாடிச் சென்றாரே, அதுதான் பெருமை! நல்ல நேரத்தில் தோண்டாததால் தோற்றது, திசை பிசகியதால் தோற்றது என்று கூறி நகர்ந்திருந்தால் கோடும் இல்லை, கணக்கும் இல்லை. தோல்வியை எண்ணால் எழுதியவர் அவர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. திரும்பி வந்த படைவீரர்களுக்கு அமெரிக்க நாடு வீடு கட்டித் தள்ளியது. நகருக்கு வெளியே, சாக்கடை எட்டாத வயல்வெளிகளில், நூறு நூறாக, ஆயிரம் ஆயிரமாக வீடுகள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டி. 1960இல் இவ்வாறு தொட்டியையோ கிடங்கையோ நம்பியிருந்த வீடுகள் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம். தொட்டிகள் பொங்கின. வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்த அரசுக்குக் கவலை பிறந்தது. சமூகத்தின் நலன் கருதிப் பிறந்த கவலையா, கடன் மூழ்குமே என்ற கவலையா என்று நாம் ஆராயப் போவதில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது. சின்சினாட்டி நகரில் பொதுச் சுகாதாரத் துறையின் ஆய்வாளர்கள் வேலையில் இறங்கி 1949, 1950, 1954 ஆகிய ஆண்டுகளில் அறிக்கைகள் வெளியிட்டனர். 1957இல் ஒரு கையேடு வந்தது. 1967இல் திருத்திய பதிப்பு வந்தது. உலகின் பல பகுதிகளிலும் பொறியாளர் கையில் புழங்கிய ஏடு அது.

அந்தக் கையேடு கூறும் முறையைச் சற்று விரிவாகவே சொல்வோம்; செய்து பார்க்க விரும்பும் இளைஞருக்குப் பயன்படும். வாய்க்கால் அமையவிருக்கும் இடத்தில் ஒன்றிரண்டல்ல, ஆறு குழிகளாவது தோண்ட வேண்டும். அகலம் 4 முதல் 12 அங்குலம். ஆழம் வாய்க்காலின் ஆழம். கடப்பாரையும் மண்வெட்டியும் குழியின் சுவரைப் பூசி மெழுகிவிடும்; ஆகவே கூரிய கருவியால் சுவரைக் கீறி, உதிர்ந்த மண்ணை அள்ளிவிட்டு, அடியில் 2 அங்குலம் பருமணலோ சிறு சரளையோ இட வேண்டும். பின் நீர் ஊற்றிக் குறைந்தது 4 மணி நேரம், கூடுமானால் இரவு முழுவதும், குழியில் நீர் நிற்கச் செய்ய வேண்டும். அளவெடுப்பது மறுநாள். சரளைக்கு மேல் 6 அங்குல நீர் வைத்து, 30 நிமிடத்துக்கு ஒரு முறை எவ்வளவு இறங்கிற்று என்று 4 மணி நேரம் குறிக்க வேண்டும். கடைசி 30 நிமிடத்தின் இறக்கமே கணக்குக்கு உரியது. விரைந்து குடிக்கும் மணலாயின் 10 நிமிடத்துக்கு ஒரு முறையாக 1 மணி நேரம் போதும்.

ஓர் இரவு முழுவதும் ஊற வைப்பது எதற்கு? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. மண் துகள்களின் இடைவெளியில் நீர் நிரம்புவது ஒன்று. அது விரைவில் முடிந்துவிடும். களிமண் துகளுக்குள்ளேயே நீர் புகுந்து அது உப்புவது மற்றொன்று. அது மெல்ல நடக்கும். வறண்ட காலத்தில் கரிசல் காட்டைப் பாருங்கள்: கை நுழையும் அளவு வெடிப்பு! அதில் ஒரு குடம் நீரை ஊற்றினால் கண் மூடித் திறப்பதற்குள் மறையும். ஆகா, இந்த மண் எவ்வளவும் குடிக்கும் என்று ஏமாந்து தொட்டி கட்டினால், ஐப்பசி அடைமழையில் மண் உப்பி வெடிப்பெல்லாம் மூடி, சட்டியில் வார்த்த நீர்போல் கழிவு நிற்கும். பங்குனி வெயிலில் மண் சொன்னதை நம்பாதே, நனைந்த பின் சொல்வதைக் கேள் என்பதற்கே அந்த ஓர் இரவு.

கிடைத்த நிமிடத்தை வைத்துக் கணக்கு: 5ஐ அந்த நிமிட எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு சதுர அடி மண் ஒரு நாளில் தாங்கும் காலன் அளவு வரும். 1 அங்குலம் இறங்க 60 நிமிடத்துக்கு மேல் ஆகும் மண் வாய்க்காலுக்கு உதவாது. 30 நிமிடத்துக்கு மேலாயின் உறிஞ்சுகுழிக்கு உதவாது. வாய்க்காலின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 4 அடியாவது மண் இருக்க வேண்டும்.

நம் நாட்டுப் பொறியியல் பாட நூல்களைப் புரட்டுவோர், உறிஞ்சுகுழிப் பாடத்தில் 204 என்ற எண்ணைக் காண்பர். 204ஐ நிமிடத்தின் வர்க்கமூலத்தால் வகு, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று இருக்கும். எங்கிருந்து வந்தது இந்த 204? ஒரு சதுர அடிக்கு 5 அமெரிக்கக் காலன் என்பதை மீட்டருக்கும் லிட்டருக்கும் மாற்றினால் வருவது 204! நியூயார்க் மாநிலத்துப் பண்ணை வீடுகளின் தோல்வியில் முளைத்த கணக்குமுறை, அளவு மாறிக் கடல் கடந்து, நம் மாணவனின் தேர்வுத்தாளில் வந்து நிற்கிறது. நாள்தோறும் 400 லிட்டர் கழிவுநீர் வெளியேறும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 4 நிமிட மண்ணாயின் சதுர மீட்டருக்கு 102 லிட்டர். ஆக 4 சதுர மீட்டர் போதும். 25 நிமிட மண்ணாயின் சுமார் 41 லிட்டர். 10 சதுர மீட்டர் தேவை. ஒரே தெருவில் இரண்டு மனைகளுக்கு இந்த வேறுபாடு இருக்கக் கூடும். திசைகாட்டி இதைச் சொல்லுமா?

மாணவன் தேர்வெழுதுகிறான், மதிப்பெண் வாங்குகிறான், பொறியாளனாகிறான், தன் வீடு கட்டும்போது வாயு மூலையைக் கேட்கிறான்! உறிஞ்சுகுழியே இல்லாத தொட்டிகள் நம் ஊர்களில் எத்தனை? வழிகிற நீரைத் தெருச் சாக்கடையில் திருப்பிவிட்டு, ‘செப்டிக் டேங்க்’ கட்டியாயிற்று என்று மார்தட்டுவோர் எத்தனை பேர்? உறிஞ்சாத மண்ணில் கட்டிய தொட்டி விரைவில் நிரம்புகிறது. நிரம்பினால் வீட்டுக்காரன் இறங்குவதில்லை. சாத்திரம் சொன்னவரும் இறங்குவதில்லை. எந்தச் சாதியை மலம் அள்ளவென்று இந்தச் சமூகம் ஒதுக்கி வைத்ததோ, அந்தச் சாதியில் பிறந்த தொழிலாளியை அழைக்கிறார்கள். உள்ளே மணமற்ற மீத்தேனும், முதலில் அழுகிய முட்டையாய் நாறிப் பிறகு முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்யும் ஹைட்ரஜன் சல்பைடும் காத்திருக்கின்றன. முதலில் இறங்கியவன் விழுகிறான்; அவனைத் தூக்க இறங்கியவனும் விழுகிறான். 1993இல் சட்டம் வந்தது. 2013இல் கடுமையான சட்டம் வந்தது. தொட்டியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர வேண்டிய நிலை ஏன் வந்தது? சாவு நிற்காததால்! ‘தானியங்கும் துப்புரவாளர்’ என்று பிரான்சு நாட்டார் வியந்த பெட்டி, இங்கே துப்புரவாளரைத் தின்னும் பெட்டியாயிற்று.

சோதனையும் குறையற்றதன்று. விஞ்ஞானத்தை வேதமாக்கிக் கும்பிடுவது நம் வேலையல்லவே. அதன் குறையையும் பார்ப்போம். 25 நிமிடத்துக்கு 1 அங்குலம் என்றால் ஒரு நாளைக்கு 57 அங்குலத்துக்கு மேல். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,460 லிட்டர். கணக்கு அனுமதிப்பதோ 41 லிட்டர். 36இல் ஒரு பங்கு! ஏன்? சோதனையில் ஊற்றுவது நல்ல நீர். வாய்க்காலில் வருவது கழிவுநீர். கழிவுநீர் நாளடைவில் அடிமண்ணில் வழவழப்பான ஒரு படலத்தை வளர்க்கிறது. நுண்ணுயிரும் அவற்றின் கழிவும் சேர்ந்த படலம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 1950களிலும் 60களிலும் இந்த அடைப்பை ஆராய்ந்தனர். 1970களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் யோகன்னஸ் பௌமாவும் தோழர்களும், நீர் இறங்கும் வேகத்தை அடக்கி ஆள்வது இந்தப் படலமே என்பதை அளந்து காட்டினர். ரையன் படலத்தைப் பற்றிய இந்த விளக்கத்தை அறியார். ஆனால் அவர் பழைய வாய்க்கால்களை அளந்ததால், அதன் விளைவு அவருடைய கோட்டுக்குள் தானாகவே புகுந்துவிட்டது.

இன்னொரு குறை பெரிது. மண் எவ்வளவு விரைவாகக் குடிக்கிறது என்று சோதனை சொல்லும். குடித்ததை எவ்வளவு தூய்மையாக்குகிறது என்று சொல்லாது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டின் மணல் எந்தச் சோதனையிலும் முதல் மதிப்பெண் வாங்கும். 1950களின் பிற்பகுதியில், அங்கே சபோக் மாவட்டத்து வீடுகளில் குழாயைத் திறந்தால் நுரை வந்தது! அன்றைய சலவைத் தூளின் வேதிப்பொருள் நுண்ணுயிருக்கு எளிதில் மசியாதது. தொட்டி வழியாக மணலில் இறங்கி, பக்கத்து வீட்டுக் கிணற்றில் பொங்கிற்று. 1965இல் அமெரிக்க உற்பத்தியாளர் அந்தப் பொருளை மாற்றினர். நுரை வந்ததால் தெரிந்தது. நுரைக்காத அழுக்கு அதே வழியில் வந்தால் யாருக்குத் தெரியும்? இதனால் அமெரிக்காவின் பல மாநிலங்கள், குழியில் நீர் ஊற்றுவதோடு நில்லாமல், மண்ணறிஞரை அழைத்து, ஆழமாக வெட்டிய குழியில் அவரை நிறுத்தி, மண்ணின் நிறம், கட்டு, மணலும் களியும் கலந்த அளவு, நிலத்தடி நீர் மழைக்காலத்தில் ஏறி நின்ற தடம் ஆகியவற்றைப் படிக்கும் முறைக்கு மாறின. நிறம் இங்கே வருணம் சொல்லவில்லை. சாம்பல் திட்டுக்கள் தெரிந்தால், அங்கே நீண்ட நாள் நீர் தேங்கிக் காற்றின்றிப் போயிருக்கிறது என்று சொல்கிறது.

மண்ணைக் கேட்டாயிற்று, மண், என்னால் முடியாது என்று விடை சொல்லிவிட்டது. பிறகு? அந்த மண்மீது வாழ்பவன் ஏழையாக இருந்தால்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லௌண்ட்ஸ் என்றொரு மாவட்டம். அதனை உள்ளடக்கிய நிலப்பரப்புக்குக் ‘கறுப்பு வட்டாரம்’ என்று பெயர். கருநிறக் களிமண்ணால் வந்த பெயர். நம் கோவில்பட்டிக் கரிசலுக்கு உறவு என்றே சொல்லலாம்: நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், பருத்திக்கு ஏற்றது. அந்தப் பருத்தியைப் பயிரிடவே ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக அங்கே கொண்டு குவித்தார்கள். அடிமைமுறை ஒழிந்த பின்னும் அவர்களின் வழிவந்தோர் அங்கேயே வாழ்ந்தனர். 1965 தொடக்கத்தில் மாவட்ட மக்களில் நூற்றுக்கு 80 பேர் கறுப்பர். வாக்காளர் பட்டியலில் கறுப்பர் ஒருவர்கூட இல்லை. செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு அவ்வாண்டு மார்ச்சில் நடந்த வாக்குரிமைப் பேரணி இந்த மாவட்டத்தின் ஊடாகவே சென்றது. வாக்குப் பதிவு செய்யத் துணிந்த குத்தகை விவசாயிகளை நிலக்கிழார்கள் வெளியேற்றினர். அவர்கள் கூடாரங்களில் குடியிருந்தனர்.

வாக்கு கிடைத்தது. கழிப்பறை? அந்தக் களிமண்ணில் சாதாரண வாய்க்கால் வேலை செய்யாது. வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து மேடாக்கி, இயந்திரத்தால் நீரேற்றும் அமைப்பு வேண்டும். அதற்கு 20,000 டாலரும் அதற்கு மேலும் ஆகும். அவ்வளவு பணமில்லாதவர்கள் வீட்டிலிருந்து ஒரு குழாயை இழுத்துப் பின்புறத்துப் பள்ளத்தில் விட்டார்கள். மாநிலச் சட்டமோ இதனைக் குற்றமென்றது. தண்டனை அச்சம் அவர்கள் தலைமேல் தொங்கியது. அம்மாவட்டத்தில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் பிளவர்ஸ் என்ற அம்மையார் இக்கொடுமையை உலகறியச் செய்தார். 2020இல் அதுபற்றி ஒரு நூலும் எழுதினார். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே சோதிக்கப்பட்ட 55 பேரில் 19 பேரின் மலத்தில் கொக்கிப்புழுவின் தடம் கண்டதாக அறிவித்தது. உலகின் பெருஞ்செல்வ நாட்டில்! அவ்வாண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவையின் வறுமை பற்றிய தனி அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அங்கே சென்று பார்த்தார்.

மண்ணைச் சோதித்து, இங்கே சாதாரண அமைப்பு கூடாது என்று ஆணையிட அரசுக்குத் தெரிந்திருந்தது. கூடிய அமைப்பை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. விஞ்ஞானத்தின் முதல் பாதியை எடுத்துச் சட்டமாக்கி, மறுபாதியை ஏழையின் பையில் தேடினார்கள்.

2021 நவம்பரில் அமெரிக்க நீதித் துறை, இதில் இனவேற்றுமை உண்டா என்று விசாரணை தொடங்கியது. 2023 மே மாதத்தில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது: கழிவு அமைப்புக்கு வழியற்றோர்மீது குற்ற நடவடிக்கை நிறுத்தி வைக்கப்படும், எந்த வீட்டுக்கு என்ன தேவை என்று கணக்கெடுக்கப்படும், அமைப்புகள் அமைக்கத் திட்டம் வகுக்கப்படும். 2025 ஏப்ரலில், புதிய ஆட்சியின் நீதித் துறை அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது. பன்மை, சமத்துவம் என்ற பெயரால் நடக்கும் திட்டங்களைக் கைவிடுமாறு குடியரசுத் தலைவர் இட்ட ஆணையைக் காரணமாகக் காட்டியது. கையிலுள்ள பணம் தீரும்வரை அமைப்புகளை அமைக்கும் பணி தொடரும் என்று மாநிலத் துறை அறிவித்தது.